நான்கு டிகிரி

எங்கள் வீட்டில் பென்சில் சீவுவது நான்தான். பிளேடு வைத்துச் சீவினால்தான் முனை நீளமாக வரும். ஷார்ப்பனர் அதைக் குட்டையாக்கிவிடும். என் மகள் சுபாஸ்ரீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய பென்சில்களையும் நானே சீவிக் கொடுத்து வருகிறேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவள் பையைத் திறந்து பென்சில் டப்பாவை எடுக்கும் உரிமை எனக்கு எப்போதும் இருந்தது. டப்பாவுக்குக் கீழேதான் அவளுடைய வரைபட நோட்டு இருக்கும். பூட்டை உடைத்து எதையும் எடுத்தவன் அல்ல நான் என்பதைக் கல்லூரியின் விசாரணைக் குழு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பக்தவத்சலம். வயது ஐம்பத்தாறு. சொந்த ஊர் வேலூர். ஹைதராபாத்துக்கு வந்து இருபத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. ராமச்சந்திராபுரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் செக்கராக இருக்கிறேன். செக்கர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் பார்ப்பவர் என்று என் மாமியார் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். விளக்கிச் சொல்லிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ் மூலையிலும் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நடுக்கட்டம் என்னுடையது. வரைந்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி, பி.வி. என்று சுருக்கொப்பமும் தேதியும் போடுவது என் வேலை. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு போல்ட் கூட வெளியே போகாது. இத்தனை வருடத்தில் தப்பே இல்லாத ஒரு தாளை நான் பார்த்ததில்லை. இருந்திருக்கலாம். என் கண்ணில் பட்டதில்லை.

மனைவி கனகவல்லி ஹப்சிகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். சுபாஸ்ரீ உங்கள் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் மூன்றாம் ஆண்டு. அவள் என்ன படிக்கிறாள் என்று ஆபீசில் கேட்டால், டிராயிங் என்று சொல்வேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் நஸ்ரின் மேடம் அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். தினமும் ஒரு பக்கம், நேரில் பார்த்து, பென்சிலால் வரைய வேண்டும். ஒருநாள் கூட விடக்கூடாது. சுபா அதை ஒரு பூஜை மாதிரி செய்தாள். கல்லூரி விட்டு வந்ததும் பையைக் கழற்றாமல் அப்படியே தெருவில் நின்று வரைவாள். லோகோவும் போஸ்டரும் மார்க்குக்காகச் செய்வது, இந்த நோட்டு மட்டும் தனக்காகச் செய்வது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி இருக்கும். காபி குடித்துவிட்டுப் பென்சில் சீவ உட்கார்ந்தேன். புது நோட்டு, முதல் பக்கம் திறந்து கிடந்தது. நாங்கள் குடியிருக்கும் மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் மதிலை ஒட்டி ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அதை வரைந்திருந்தாள். பின்னால் மதில், முன்னால் இஸ்திரி வண்டி, எல்லாம் நன்றாக இருந்தது. கம்பம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கோணமானி வைத்துப் பார்த்தேன். நான்கு டிகிரி.

அந்தக் கம்பத்தை எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக, காலை ஆறு பத்து கம்பெனி பஸ்ஸுக்கு அதன் அடியில்தான் நிற்கிறேன். கம்பம் என்றால் நேராகத்தான் இருக்கும். நான்கு டிகிரி என்பது எங்கள் தொழிலில் சின்ன விஷயம் இல்லை. பம்பின் தண்டு நான்கு டிகிரி சாய்ந்தால் அந்தப் பம்பைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். மனசு கேட்கவில்லை. ரப்பர் எடுத்து அழித்துவிட்டு, செட் ஸ்கொயர் வைத்து நேராகப் போட்டேன். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. கம்பம் நேரானதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அன்று பஸ்ஸில் உட்கார்ந்த உடனே தூக்கம் வந்துவிட்டது.

பழக்க தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். பக்கத்தின் அடியில், தையல் மடிப்புக்குள், பி.வி. என்று போட்டுத் தேதியும் போட்டேன். எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேனா என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் சுபா நோட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தக் கம்பத்த நான் இப்படியா போட்டேன்?"

"நீதானேம்மா போட்ட."

"நக்கோப்பா, இல்ல. சாஞ்ச மாதிரி போட்டதா ஞாபகம்."

"ஞாபகத்தையெல்லாம் நம்பாத. கண்ணு முன்னாடி இருக்கறதப் பாரு."

இப்போதும் அது நல்ல அறிவுரை என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் பார்த்தேன். பார்த்தால் தப்பு இருந்தது; தப்பு இருந்தால் சும்மா விட முடியுமா? குவார்ட்டர்ஸ் கேட் தொங்கிக்கொண்டிருந்தது, தூக்கி நிறுத்தினேன். மதில் நெளிந்திருந்தது, ஸ்கேல் வைத்தேன். டீக்கடைக் கண்ணாடி டம்ளர்களின் வாய் ஒன்று போல இல்லை; எல்லாவற்றுக்கும் முறைப்படி நீள்வட்டம் போட்டுக் கொடுத்தேன். தெருநாயின் நான்கு கால்களும் நான்கு நீளத்தில் இருந்தன. அதைச் சமப்படுத்த ஒரு காலைப்பொழுது முழுக்கச் செலவானது. நாய் என்பதால் அவ்வளவு கவனம் தேவையில்லை என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள்.

ஆகஸ்டில் கனகவல்லியை வரைந்திருந்தாள். தலை வலப்பக்கம் சாய, மூக்கு கொஞ்சம் குட்டையாக. எனக்குச் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனகவல்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது வெர்னியர் காலிப்பரால் அவள் மூக்கை அளந்தேன். ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். படத்தின் அளவுக்குக் கணக்குப் போட்டால் சுபா வரைந்த மூக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவு. அவள் கண் விழித்து, "என்னங்க பண்றீங்க?" என்றாள். கொசு என்றேன். இருபத்துநான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அவளிடம் சொன்ன பொய்களில் அதுவும் ஒன்று, பெரிதாக ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் என்னையே வரைந்திருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறேன். தோளில் பை. இடது தோள் இறங்கி, உடம்பு கம்பத்தின் மேல் சாய்ந்து, கண் பாதி மூடி. யாரோ களைத்துப்போன மனிதர் மாதிரி இருந்தது. நான் அப்படி நிற்பவன் அல்ல. அழித்துவிட்டு நேராக நிறுத்தினேன், கண்ணையும் திறந்து வைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு பக்கத்தில்தான் நான் போட்ட கோட்டையே இரண்டு தடவை அழித்துப் போட வேண்டி வந்தது. ஏனென்று தெரியவில்லை. அன்று காலை காபியில் டிகாக்ஷன் அதிகம்.

சுபா இப்போது அடிக்கடி நோட்டையும் தெருவையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். கண்ணில் கோளாறு என்று சொன்னாள். தார்னாகாவில் ஒரு கண் டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். கால் பவர் என்று கண்ணாடி கொடுத்தார். கண்ணாடி போட்டபிறகு அவளுக்குத் தெருவே சாய்ந்து தெரிவதாகச் சொன்னாள். பழகிவிடும் என்றேன்.

ஒருநாள் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ம்மா, நான் தூக்கத்துல எழுந்து வரையறேன்னு நெனக்கறேன். கார்த்தால பாத்தா வேற மாதிரி இருக்கு. கையெல்லாம் என்னோடதுதான், கோடு என்னோடது இல்ல."

கனகவல்லி சிரிக்கவில்லை. "இருக்கலாம்டி. உங்க பாலா மாமா சின்ன வயசுல தூக்கத்துல எழுந்து சைக்கிள் தொடப்பான். கார்த்தால சைக்கிள் பளபளன்னு நிக்கும், இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

பாலா என் மைத்துனன். அவன் இப்போது பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆகவே இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நானும் சொன்னேன். நான் செய்வதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று குழு கேட்கக்கூடும். நானும் அதைப் பற்றி யோசித்தேன். ஆனால் செக்கர் யாரென்று தெரிந்தால் வரைபவன் அந்த ஆளுக்காக வரைய ஆரம்பித்துவிடுவான். எங்கள் ஆபீசில் பார்த்திருக்கிறேன். அது வளர்ச்சிக்கு நல்லதல்ல.

கனகவல்லி விஞ்ஞானம் படித்தவள். ஒரு பரிசோதனை செய்து பார்ப்போம் என்றாள். படுக்கப் போகும்போது சுபாவின் வலது கையைத் துப்பட்டாவால் கட்டில் காலில் கட்டுவது. காலையில் கட்டு அப்படியே இருந்து, படமும் மாறாமல் இருந்தால், மாற்றுவது அவள்தான். கட்டு அப்படியே இருந்து, படம் மாறியிருந்தால், மாற்றுவது வேறு யாரோ. சுபா ஒப்புக்கொண்டாள். நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

காலையில் போய்ப் பார்த்தேன். கட்டு நன்றாகப் போட்டிருந்தார்கள், இழுத்துப் பார்த்தேன். தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை உருவினேன். ரயில்வே பாலத்துப் படிக்கட்டு. பதினொரு தப்புகள். படிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். ரப்பர் கையில் இருந்தது. ஆனால் அன்று திருத்தினால் பரிசோதனையின் முடிவு என்னவாகும் என்று எனக்குப் புரிந்தது. நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பதினொரு தப்புகளை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பது செக்கர்களுக்குத்தான் தெரியும். என் வாழ்க்கையில் நான் செய்த தியாகங்களில் அது ஒன்று.

கட்டும் இருந்தது, படமும் மாறவில்லை. ஆகவே மாற்றுவது சுபாதான் என்று நிரூபணமாகிவிட்டது. கனகவல்லி அவளை அணைத்துக்கொண்டு அழுதாள். சுபா அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது பக்கத்து வீட்டுக்காரருடையது போல. எனக்குப் பாவமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் கட்டினார்கள். இது எனக்கு ஒரு சிக்கலை உண்டாக்கியது. கட்டு இருக்கும்வரை நான் எதையும் திருத்த முடியாது. தப்புகளோ சேர்ந்துகொண்டே போயின. நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் ஒரு வழி தோன்றியது. முதலில் படத்தைத் திருத்தினேன். பிறகு துப்பட்டா முடிச்சை மெதுவாக அவிழ்த்து, துணியைக் கட்டிலுக்குக் கீழே போட்டேன். அவள் தூக்கத்தில் தானே அவிழ்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கையும் பாவம், மரத்துப்போயிருக்கும். அதிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் தினமும் அவள் கையை விடுவித்தது நான்தான். இதை யாரும் இதுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முடிச்சுகள் பெரிதாகிக்கொண்டே போயின. கடைசியில் நைலான் கயிறு. மனநல டாக்டர் ஒருவர் மாத்திரை கொடுத்தார். அதன்பிறகு சுபா கயிற்றை அவிழ்க்கும்போது அசையக்கூட மாட்டாள். பகலில் தூங்கி வழிகிறாள் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. அவளுக்கு எப்போதுமே தூக்கம் போதாது என்று என் அபிப்பிராயம்.

மூன்றாம் ஆண்டின் இறுதிப் படைப்பாக அவள் அந்த நோட்டையே கொடுத்தாள். வேறு ஒன்றும் செய்ய அவளிடம் தெம்பில்லை. தலைப்பு ஒரு வருடம் முன்பே பதிவு செய்தது, மாற்ற முடியாது. அந்தத் தலைப்பு என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. உங்கள் கல்லூரிக் கண்காட்சிக்குப் போனபோதுதான் சுவரில் பெரிய எழுத்தில் பார்த்தேன். 'சாய்மானம்: மெட்டுகுடாவில் சாய்ந்து நிற்கும் எல்லாம்.'

உள்ளே இருநூற்றுப் பதினொரு பக்கங்கள். ஒன்றுகூடச் சாயவில்லை. எல்லாம் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நின்றன.

கூட்டம் அலைமோதியது. நஸ்ரின் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகள் சாய்வைப் பற்றிப் படம் போட்டுவிட்டு எதையுமே சாய விடாமல் செய்திருக்கிறாள், இந்த நகரத்தின் மேல் இவ்வளவு கோபத்தை நான் எந்த மாணவரிடமும் பார்த்ததில்லை என்றார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். நான் அன்று இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்தச் சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. எந்தத் தந்தைக்கும் கலங்கும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பார்வையாளர்கள் முன்னால் ஒரு படம் வரைந்து காட்டச் சொன்னீர்கள். அவள் அந்த அறையின் கதவை வரைந்தாள். கதவு சாய்ந்திருந்தது. நோட்டிலிருந்த கோடும் இந்தக் கதவின் கோடும் ஒரே கையால் போட்டவை அல்ல என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆண்டனி சொன்னார். பூதக்கண்ணாடி வைத்து நோட்டைத் துருவினார். தையல் மடிப்பில் என் சுருக்கொப்பம் அகப்பட்டது. இருநூற்றுப் பதினொரு பக்கத்தில் இருநூற்று ஆறில் இருந்தது. மீதி ஐந்தும் நான் திருத்தாமல் விட்டு, பிறகு சேர்த்துத் திருத்தியபோது கையெழுத்துப் போட மறந்தவை. இந்த விவகாரத்தில் நான் உண்மையாகவே வெட்கப்படும் இடம் அதுதான்.

பி.வி. யாரென்று நீங்கள் சுபாவைக் கேட்டீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டாள். தெரியாமல் இருக்க வழியில்லை. எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டுகளில், கேஸ் சிலிண்டர் அட்டையில், அவளுடைய பழைய ரேங்க் கார்டுகளில் எல்லாம் அந்த எழுத்துதான் இருக்கிறது. தன் படிப்பே போய்விடும் என்று தெரிந்தும் அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த மடிப்பின் ஜெராக்ஸை என் முன்னால் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துப்பா."

"ஆமாம்மா."

"கயிறு?"

"அதுவும்."

கனகவல்லி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். "கட்டிப்போட்டது நான்தானே, நான்தானே கட்டினேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுபா புது நோட்டு ஒன்றைப் பிரித்து, வெற்றுப் பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். நான் சீவிய பென்சிலை அதன் மேல் வைத்தாள்.

"வரைங்கப்பா."

"என்னத்த?"

"எத வேணா. எதிர்ல அம்மா நிக்கறாங்க. அம்மாவ வரைங்க."

பென்சிலை எடுத்தேன். தாளில் ஒன்றும் இல்லை. திருத்துவதற்கு ஒன்றும் இல்லாத தாளை நான் அதற்கு முன் கையில் பிடித்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கனகவல்லியைப் பார்த்தேன். மூக்கு ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு என்று ஞாபகம் வந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று வரவில்லை. குக்கர் மூன்று விசில் அடித்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பென்சிலைக் கீழே வைத்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. அவ்வளவு அவமானம் எனக்கு எங்கும் நேர்ந்ததில்லை.

சுபா நோட்டை மூடினாள். துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஹப்சிகுடாவில் தோழி அனுபமாவின் அறைக்குப் போய்விட்டாள். மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். நன்றாகத் தூங்குகிறாளாம். கையைக் கட்டுவதில்லை.

உங்கள் கடிதம் வந்தது. வேறொருவர் வரைந்ததைத் தன் படைப்பாகக் கொடுத்த குற்றம் நிரூபணமானால் அவள் படிப்பிலிருந்து நீக்கப்படுவாள். பெற்றோர் பிள்ளைகளைக் காப்பாற்ற எதையும் எழுதிக் கொடுப்பார்கள் என்பதால், குடும்பத்தினரின் வாக்குமூலம் மட்டும் ஆதாரமாகாது. நியாயமான விதி. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

அதற்குச் சுபா எழுதிய பதிலின் நகலைக் கனகவல்லி மேஜையில் வைத்திருந்தாள். படித்தேன். அதில் இரண்டு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அவள் எழுதியிருந்தது இதுதான்: அழித்த கோடுகளின் தடம் தாளில் இன்னும் இருக்கிறது, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் தெரியும். அடியில் இருப்பது என் கோடு. மேலே இருப்பது யாருடையது என்று நான் சொல்லமாட்டேன். கேட் மாற்றிவிட்டார்கள், மதிலை இடித்துக் கட்டிவிட்டார்கள், ஆனால் முதல் பக்கத்துக் கம்பம் அங்கேயே இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்குக் குழு மெட்டுகுடாவுக்கு வந்து கம்பத்தையும் தடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அங்கே நின்று பார்த்து வரைந்தவள் நான். மேலே கோடு போட்டவர் கம்பத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. பதினாறு வருடம் அதன் அடியில் நிற்பவன் நான். புதன்கிழமை காலை தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு போனேன். நூலைக் கம்பத்தில் முடிந்தவரை உயரத்தில் பிடிக்க, இஸ்திரி வண்டி ஷோபாவிடம் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். குண்டு நின்றதும் கோணமானியை வைத்தேன்.

நான்கு டிகிரி. மகள் ஒரு தடவைகூட அளக்காமல் கண்ணால் பார்த்துப் போட்டது, அரை டிகிரி கூடப் பிசகவில்லை.

ஸ்டூலை விட்டு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "பதினோரு வருஷம் ஆச்சு சார், தண்ணி லாரி இடிச்சு," என்றாள் ஷோபா. "நீங்க தெனம் அதுமேலதானே சாஞ்சு நிப்பீங்க?" பஸ் வந்தது. நான் ஏறவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக லீவு போட்டேன்.

நான் செய்தது தப்பு. இதைத் தெளிவாக எழுதிக் கொடுக்கிறேன். இருநூற்றுப் பதினொரு பக்கங்களிலும் கை வைத்தது நான். என் மகள் தன் கண்ணையும், தன் கையையும், தன் மூளையையும் சந்தேகப்படும்படி செய்தது நான். பரிசோதனையில் பொய்யான முடிவு வரவைத்தது நான். கயிற்றை அவிழ்த்தது நான். சுபாவுக்கு எதுவும் தெரியாது. தப்பைக் கண்டுபிடித்த பிறகு அதைச் சரிசெய்யாமல் விடுவது என் வழக்கமில்லை. ஆகவே புதன்கிழமையே மேல்மாடி ராகவேந்திராவைப் பார்த்தேன். மின் அலுவலகத்தில் லைன் இன்ஸ்பெக்டர், நல்ல மனிதர். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கம்பம் சாய்ந்திருக்கிறது என்றேன். நேற்று, வியாழக்கிழமை காலை, கிரேன் வந்தது. இரண்டு மணி நேரம் தெருவில் கரண்ட் இல்லை. ஷோபாவின் தார்ப்பாய்க் கயிறு அறுந்துபோனது. "கைக்கு சார், எதுக்கு? இருந்தது இருக்கட்டுமே," என்று ஏனோ என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் தூக்குக்குண்டைப் பிடித்தபடி கடைசிவரை நின்று, அடியில் கான்கிரீட் போட்ட பிறகுதான் நகர்ந்தேன். இப்போது ஒரு கால் டிகிரி சாய்வுகூட இல்லை.

நாளைக்குக் காலை பத்து மணிக்குக் குழு தாராளமாக வரலாம். கம்பத்தின் அடியில் நானும் நிற்பேன். கீழே இருக்கும் தடத்தையும் மேலே இருக்கும் கோட்டையும் கம்பத்தோடு வைத்துப் பாருங்கள். எது பொருந்துகிறது என்று அளந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்காது. சுபாவையும் கூட்டி வாருங்கள். அவளுக்காகப் புதிதாக ஆறு பென்சில் சீவி வைத்திருக்கிறேன். இனிமேல் அந்தக் கம்பத்தை அவள் எந்தப் பயமும் இல்லாமல் வரையலாம், தப்பாக வருவதற்கு வழியே இல்லை.